இரண்டு ரப்பர் கொட்டைகள்

நேற்று வெள்ளிக்கிழமை. மெர்போக்கில் அண்ணன் வீட்டுப் பக்கத்துத் தோட்டத்துக் கோயிலில் பூசை முடிந்து காருக்கு நடந்து வரும்போது செருப்புக்கடியில் ஏதோ உருண்டது. குனிந்து பார்த்தேன். ரப்பர் கொட்டை. அந்தப் பக்கம் முழுக்க எண்ணெய்ச் செம்பனை ஆகிவிட்டது. வேலியோரம் மட்டும் நாலைந்து ரப்பர் மரங்களை யாரும் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். பக்கத்திலேயே இன்னொரு கொட்டையும் கிடந்தது. இரண்டையும் எடுத்து, சேலைத் தலைப்பில் மண்ணைத் துடைத்து, திருநீற்றுப் பொட்டலத்தோடு கைப்பையில் போட்டேன். எதற்கு என்று அண்ணி கேட்டார். சும்மா என்றேன். சும்மா இல்லை என்று உங்களுக்குத் தெரியும், அக்கா.

வீட்டுக்கு வந்து பையைக் கவிழ்த்தபோது இரண்டும் சாப்பாட்டு மேசையில் உருண்டு போய் உங்கள் சதுரங்கப் பலகையில் முட்டி நின்றன. ஆமாம், பலகை இப்போது என் வீட்டில்தான் இருக்கிறது. மேலே மூன்றே காய்கள். வெள்ளை ராஜா, ஒரு வெள்ளைக் காலாள், கறுப்பு ராஜா. நீங்கள் கடைசியாக வைத்துவிட்டுப் போன புதிர். மாதக்கணக்கில் அது அப்படியே நின்றது. என் வீட்டுக்காரர் தட்டை மேசை ஓரத்தில் வைத்துச் சாப்பிடப் பழகியிருந்தார்.

நாம் பழகியதே ஒரு மளிகைக் கடையில். பிள்ளைகள் வேலைக்கென்று வெளியே போய்விட்ட காலம். நாங்கள் சுங்கைப் பட்டாணிக்குக் குடிவந்த புதிது. கடைக்காரர் கொடுத்த சீட்டை நான் வழக்கம்போல மேலிருந்து கீழே ஒரு தரம் கூட்டிவிட்டுக் கீழிருந்து மேலே இன்னொரு தரம் கூட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்ற நீங்கள், கூட்டினது சரிதானே, பிறகு ஏன் திருப்பிக் கூட்டுகிறீர் என்று கேட்டீர்கள். “இறங்கும்போது தப்பிச்சது ஏறும்போது மாட்டிக்கும்க்கா” என்றேன். நீங்கள் சிரிக்கவில்லை. என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தீர்கள்.

“உமக்குச் சதுரங்கம் தெரியுமோ?”

தெரியாது என்றேன்.

“நல்லதாப் போச்சு. தெரிஞ்ச ஆக்களோடதான் கரைச்சல். நாளைக்கு வாரும்.”

நீங்கள் யாழ்ப்பாணத்து வழி வந்த கிறிஸ்தவக் குடும்பம். அரசாங்க ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கணவரை இழந்தவர், மகன் கோலாலம்பூரில். நான் தோட்டத்தில் பிறந்து ஆறாம் வகுப்போடு நின்று, மிச்சத்தைப் பிள்ளைகளின் பாடப்புத்தகத்திலிருந்தும் கோயிலில் கொடுக்கும் பாட்டுப் புத்தகத்திலிருந்தும் தானாகப் படித்துக்கொண்டவள். ஒரே தாமான் குடியிருப்பில் எதிரெதிர் வரிசையில் வீடு. மளிகைக் கடையில் அப்படி ஒரு கேள்வி வந்திராவிட்டால் நாம் கைகாட்டிக் கடந்துபோகிறவர்களாகவே இருந்திருப்போம்.

ஒரு நாள் மதியத்திலேயே காய்கள் நகரும் விதத்தைத் தெரிந்துகொண்டேன். ஆனால் நாம் ஒரு முறையாவது எதிரெதிராக ஆடியிருக்கிறோமா? இல்லை. உங்களுக்கு ஆட்டத்தில் ஆசையில்லை. புதிர் கட்டுவதில்தான் ஆசை. வெள்ளை முதலில் நகர வேண்டும், சொன்ன நகர்வுக்குள் கறுப்பு ராஜா தப்ப வழியில்லாமல் அடைபட வேண்டும், அதற்கு ஒரே ஒரு வழிதான் இருக்க வேண்டும். இரண்டாவது வழி ஒன்று இருந்துவிட்டால் புதிர் உடைந்தது. கட்டுவது நீங்கள். உடைத்துப் பார்ப்பது நான். நான் உடைக்க முடியாமல் கையை விரித்த புதிர்தான் உங்கள் கணக்கில் புதிர்.

நீங்கள் கட்டும் விதம் எனக்கு ஆச்சரியம். முதலில் அடைபட்ட ராஜாவை மூலையில் வைப்பீர்கள். பிறகு ஒவ்வொரு நகர்வாகப் பின்னால் எடுத்துக்கொண்டே வருவீர்கள். “முடிவை முதல்ல வைக்கோணும். பிறகு பின்பக்கமா நடக்கோணும்” என்பீர்கள். கட்டி முடிந்ததும் ஒவ்வொரு காயையும் விரலால் தொட்டு, நீ எதற்கு நிற்கிறாய் என்று கேட்பீர்கள். பதில் சொல்லாத காயை எடுத்து டப்பாவில் போட்டுவிடுவீர்கள். சும்மா நிற்கும் காய் ஒன்றுகூட உங்கள் பலகையில் இருந்ததில்லை.

எத்தனை நகர்வு என்று வாயால் சொல்வது உங்களுக்குப் பிடிக்காது. முதலில் சட்டைப் பொத்தான்களை வைத்தீர்கள். இரண்டு பொத்தான் என்றால் இரண்டு நகர்வு. அவை சிறியவை; கைபட்டுத் தெறித்து நாற்காலிக்கடியில் போய் நாம் இருவரும் முட்டி போட்டுத் தேடியதுதான் மிச்சம். நான் அண்ணன் வீட்டிலிருந்து ரப்பர் கொட்டைகள் கொண்டுவந்தேன். சுங்கைப் பட்டாணியிலேயே பிறந்து வளர்ந்தும் நீங்கள் ரப்பர் கொட்டையைக் கையில் எடுத்ததே இல்லை என்றீர்கள். நான் ஒன்றைச் சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்து உங்கள் கையில் வைத்தேன். தோட்டத்துப் பிள்ளைகள் செய்யும் குறும்பு. கொட்டை நெருப்பாய்ச் சுடும். நீங்கள் கையை உதறிக்கொண்டு, “உம்மை நம்பி வீட்டுக்குள்ள விட்டனே” என்றீர்கள். அன்றிலிருந்து பொத்தான் போய்க் கொட்டை வந்தது. வெள்ளை நிற்கும் பக்கத்து விளிம்பில்தான் அதை வைப்பீர்கள். “நகர்த்த வேண்டியவரின்ட கைக்குக் கிட்ட இருக்கோணும்” என்பது உங்கள் சட்டம்.

கட்டுகிறவர் நீங்கள் என்பதால் வெள்ளை எப்போதும் உங்கள் பக்கம். உங்கள் நாற்காலி சுவரோரம், விசிறிக்குக் கீழே. என்னுடையது எதிரில், வாசல் பக்கம். அதனால் எனக்கு எல்லாப் புதிரும் தலைகீழ்தான். ஒரு முறை நீங்கள் பலகையைத் திருப்பட்டுமா என்று கேட்டீர்கள். “வேணாம்க்கா, பழகிப்போச்சு லா” என்றேன். நிஜமாகவே பழகிப்போயிருந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்ததை மனசுக்குள் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். சாம்பார் கொதிக்கும்போது வெள்ளையை என் பக்கமாக வைத்து யோசிப்பேன். கண்ணாடியில் பார்த்துப் பொட்டு வைப்பதுபோல. எந்தப் பக்கம் இடம், எந்தப் பக்கம் வலம் என்று கை கேட்பதில்லை.

என் வீட்டுக்காரர் ஒரு நாள் என்னைக் கூப்பிட வந்தவர் சற்று நேரம் நின்று பார்த்தார். “ரெண்டு பேருல யாரும் ஜெயிக்கிறதும் இல்ல, தோக்கிறதும் இல்ல. இது என்ன விளையாட்டு?” என்றார். நீங்கள் தலையைத் தூக்காமலே, அது கல்யாணம் மாதிரி, தம்பி என்றீர்கள். அதற்குப் பிறகு அவர் வாசலோடு நின்று கூப்பிடுவார்.

நான் உடைத்துவிட்டால் உங்களுக்குக் கோபம் வரும். முகத்தில் காட்ட மாட்டீர்கள். கேட்டுக்கு வெளியே என்னைப் பார்த்தாலும் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதிலேயே மும்முரமாக இருப்பீர்கள். பிறகு போனில் ஒரு வரி வரும்: வாரும், ஓட்டையை அடைச்சிட்டன். புதிரைப் பார்க்கும் முன் நான் கண்ணை மூடி முருகனை நினைத்துக்கொள்வேன். “அவரைக் கூப்பிடாதையும். ரெண்டு பேர் சேர்ந்து ஒருத்தியை உடைக்கிறது நியாயமில்லை” என்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து நேரே வந்து புதிர் கட்டுகிறீர்களே, அது மட்டும் தனியாகவா என்று நான் கேட்பேன். நீங்கள் எனக்குத் தேநீர் ஊற்றுவீர்கள்.

சிறுநீரகம் கெட்டு, ரத்தம் சுத்தம் செய்யப் போகத் தொடங்கிய பிறகும் நீங்கள் கட்டுவதை விடவில்லை. ஒரு நாள் சிகிச்சையிலிருந்து வந்து படுத்திருந்தீர்கள். நான் கஞ்சி கொண்டுவந்திருந்தேன். அன்றுதான் உங்கள் அம்மாவைப் பற்றிச் சொன்னீர்கள். கடைசி வருடங்களில் அவருக்கு ஞாபகம் போய், பெற்ற மகளையே யாரோ என்று கூப்பிட்டதை. உடம்பு வலித்தால் உங்களுக்குப் பயமில்லை, பயம் அதற்குத்தான்.

“உடம்பு போகட்டும். புத்தி கடைசியாப் போகோணும். நான் பிழையாக் கட்டத் தொடங்கினா நீர்தான் எனக்குச் சொல்லோணும், விளங்குதோ? மகன் சொல்ல மாட்டான். பாவம் பார்ப்பான்.”

சொல்கிறேன் என்று கையில் அடித்துக் கொடுத்தேன். சாமி முன்னால் நான் எத்தனையோ வேண்டியிருக்கிறேன், நேர்ந்திருக்கிறேன். யாரோ ஒருவர் தன் புத்திக்கு என்னைச் சாட்சியாக வைத்தது அந்த ஒரு தரம்தான்.

அதன் பிறகு என் மகளுக்குப் பெண்டாங்கில் பிரசவம். தாய் வீட்டுப் பத்தியம் பார்க்க நான்தான் போக வேண்டும். போய் வாரும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும், நான் இங்கேதானே இருக்கப் போகிறேன் என்றீர்கள். தினமும் போனில் பேசினோம். பிறகு உங்களால் அதிகம் பேச முடியவில்லை; பேரப்பிள்ளை அழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். ஒரு நாள் காலையில் உங்கள் எண்ணிலிருந்து மகன் பேசினார்.

நான் வந்து சேர்ந்தபோது வீடு நிறையச் செருப்புகள். ஜெபம் நடந்துகொண்டிருந்தது. எனக்கு அந்தப் பாட்டுகள் தெரியாது. கையைக் கூப்பிக்கொண்டு பின்னால் நின்றேன். எல்லாம் முடிந்து சனங்கள் கலைந்த பிறகுதான் சன்னலோர மேசையில் பலகையைப் பார்த்தேன். மூன்று காய்கள். விளிம்பில் இரண்டு ரப்பர் கொட்டைகள். துக்க வீட்டில் மேசையைத் துடைத்தவர்கள் எப்படியோ அதை மட்டும் தொடவில்லை.

மகன் பக்கத்தில் வந்து நின்றார். கண் வீங்கியிருந்தது. அம்மா கடைசியில் கொஞ்சம் தடுமாறிவிட்டார் என்றார். முதல் நாள் காலையில் பலகையை எடுத்துத் தரச் சொன்னாராம். காய்களை எல்லாம் எடுத்துப் போட்டுவிட்டு மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு, எதிரில் யாரும் இல்லாத நாற்காலியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாராம்.

“நீங்க அங்க இருக்கீங்கன்னு நினைச்சுட்டாங்க போல, ஆன்ட்டி. நாங்க ஒண்ணும் சொல்லல.”

கொட்டைகளைப் பார்த்த உடனே எனக்குத் தெரிந்தது, அது மிச்சம் விழுந்த காய்கள் அல்ல, புதிர் என்று. இரண்டு நகர்வு. ஆனால் குனிந்து ஒவ்வொரு காயாகப் பார்த்தேன். உங்கள் பக்கத்து விளிம்பிலிருந்து இரண்டாவது வரிசையில், புறப்பட்ட இடத்திலேயே, நகராமல் நிற்கிறது வெள்ளைக் காலாள். அதற்கு நேர் முன்னால் வெள்ளை ராஜா நின்று அதன் வழியை மறிக்கிறார். கறுப்பு ராஜா ஓரக் கட்டத்தில். காலாளால் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. எந்தக் காரியத்துக்கும் உதவாமல் நிற்கும் காய். உங்கள் பலகையில்.

பலகையை எடுத்துக்கொள்ளுங்கள் என்று மகன் டப்பாவோடு கொடுத்தார். வீட்டுக்கு வந்து, வழக்கம்போல மனசுக்குள் திருப்பி, வெள்ளையை என் பக்கமாக வைத்து நிறுத்தினேன். அந்தக் கொட்டைகள் மட்டும் எப்படியோ வழியில் விழுந்துவிட்டன.

அந்த மாதங்களை உங்களிடம் எப்படிச் சொல்வேன். காலையில் விளக்கேற்றிவிட்டு வந்து உட்காருவேன். ராஜாவை அந்தப் பக்கம் நகர்த்திப் பார்ப்பேன், இந்தப் பக்கம் நகர்த்திப் பார்ப்பேன். இரண்டு நகர்வில் அல்ல, பத்து நகர்விலும் அந்தக் கறுப்பு ராஜா அடைபடமாட்டார். காய் ஏதாவது கீழே விழுந்திருக்குமோ என்று நினைத்தேன். டப்பாவைக் கொட்டிப் பார்த்தால் மிச்சக் காய்கள் எல்லாம் சரியாக இருந்தன. பிறகு யோசிக்க ஒன்றுதான் பாக்கி. நீங்கள் எதற்குப் பயந்தீர்களோ அது நடந்துவிட்டது. பிழையாகக் கட்டினால் சொல்லும் என்று கேட்ட நீங்கள் பிழையாகக் கட்டிவிட்டு, சொல்ல ஆளில்லாமல், வெறும் நாற்காலியோடு பேசிக்கொண்டு போய்விட்டீர்கள்.

பலகையை எடுத்து வைக்க மனசு வரவில்லை. காய்களை டப்பாவில் போட்டால் நானே அதை ஒப்புக்கொண்டதாகிவிடும். யாரிடம் போய்ச் சொல்வது? மகள் போன் செய்தால் பேரனைப் பற்றிப் பேசுவோம். வீட்டுக்காரர் நல்லவர்; ஆனால் அவரிடம் ஒரு காலாள் சும்மா நிற்கிறது என்று சொல்லி அழ முடியுமா? உங்கள் வீட்டுக் கேட்டில் வேறு பூட்டு. செடிகளை வாடகைக்கு வந்தவர்கள் பிடுங்கிவிட்டுக் கல் பதித்திருக்கிறார்கள். நான் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போகும்போது மறுபக்கமாகச் சுற்றிப் போகிறேன். உங்கள் வழக்கத்தில் திதி கிடையாது, படையல் கிடையாது. எனக்குத் தெரிந்ததைத்தான் செய்தேன். வெள்ளிக்கிழமை தோறும் உங்கள் பெயரைச் சொல்லி அர்ச்சனை செய்தேன். முருகனிடம் உங்களுக்குச் சொர்க்கம் கேட்கவில்லை, அக்கா. அது உங்களுக்கு உங்கள் சாமி தருவார். கடைசிக் காலையில் அக்கா தெளிவாக இருந்தாரா, அதை மட்டும் எனக்குக் காட்டு என்று கேட்டேன்.

நேற்று அந்தக் கொட்டைகள் பலகையில் முட்டி நின்றபோது, அவற்றை அதனதன் இடத்தில் வைப்போம் என்று எடுத்தேன். கை வெள்ளைப் பக்கத்து விளிம்புக்குப் போனது. அங்கேயே நின்றுவிட்டது. துக்க வீட்டில் அவை எங்கே இருந்தன? கண்ணை மூடிப் பார்த்தேன். சன்னல், சுவர், விசிறி, உங்கள் வெறும் நாற்காலி. இந்தப் பக்கம் நான். கொட்டைகள் என் வயிற்றுக்கு நேரே, நான் நின்ற பக்கத்து விளிம்பில் இருந்தன. என் கைக்குக் கிட்ட.

நகர்த்த வேண்டியவரின் கைக்குக் கிட்ட.

அன்றைக்கே பார்த்தேன். யாராவது துடைக்கும்போது தள்ளியிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். யாரும் தள்ளவில்லை. நீங்கள் வெள்ளையை என் பக்கம் வைத்திருந்தீர்கள். இத்தனை வருடம் தலைகீழாகப் பார்த்தவளுக்கு, ஒரே ஒரு தரம், நேராகத் தெரியும்படி கட்டியிருந்தீர்கள். நானோ உங்கள் கையால் திருப்பி வைத்ததை என் பழக்கத்தால் மறுபடி திருப்பிக்கொண்டு வந்து, மாதக்கணக்கில் தப்பான பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். கடைச் சீட்டைக் கூட்டும்போது இரண்டு பக்கமும் போய்வருகிற நான்.

பலகையைத் தூக்கவில்லை. எழுந்து மேசையைச் சுற்றிப் போய், வீட்டுக்காரர் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அந்தக் காலாள் புறப்படாத காலாள் இல்லை. முழுப் பலகையையும் நடந்து கடந்து, கடைசி வரிசைக்கு ஒரே ஓர் அடி பாக்கியாக நிற்கிறது. ராஜா அதன் வழியை மறிக்கவில்லை. பின்னால் நின்று காவல் காக்கிறார். ஓர் அடி வைத்தால் அது வேறு காயாகிவிடும். யாராக இருந்தாலும் ராணி ஆக்குவார்கள். நானும் ஆக்கினேன். ஆக்கிவிட்டுக் கறுப்பு ராஜாவைப் பார்த்தேன். அவரை யாரும் தாக்கவில்லை. ஆனால் நகரவும் ஓர் இடமில்லை. அப்படி ஆனால் வெற்றியுமில்லை, தோல்வியுமில்லை. ஆட்டம் அந்த இடத்தில் செத்துவிடும். காலாளை மறுபடி எடுத்து வைத்து, இந்தத் தடவை ராணி வேண்டாம், கோட்டை போதும் என்று ஆக்கினேன். கோட்டைக்கு ராணி அளவுக்குக் கை நீளாது. அதனால் கறுப்பு ராஜாவுக்கு ஒரே ஓர் இடம் மிஞ்சியது. அங்கே போனார். கோட்டை ஓர வரிசைக்கு வந்து அவருக்குப் பின்னால் நின்றது. முடிந்தது. இரண்டு நகர்வு.

பழைய பழக்கத்தில் உடைத்துப் பார்த்தேன். உடையவில்லை. இதற்கு முன் உலகத்தில் யாராவது இதைக் கட்டியிருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. கட்டியிருந்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. மூன்று காய்களையும் விரலால் தொட்டு, நீ எதற்கு நிற்கிறாய் என்று கேட்டேன். மூன்றும் பதில் சொல்லின.

உங்கள் மகனுக்குப் போன் செய்தேன். வேலையிலிருந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். என்னவோ ஏதோ என்று பயந்து காரை ஓரம் கட்டினார். அவருக்குச் சதுரங்கம் அவ்வளவாக வராது. நான் மெல்ல மெல்லச் சொன்னேன். பலகை என் பக்கம் திருப்பி வைத்திருந்தது, காலாள் ஓர் அடியில் நின்றது, ராணி ஆக்கினால் கெட்டுப்போகும், கோட்டைதான் ஆக்க வேண்டும் என்று. அவர் காரின் கண்ணாடியில் மழைத்துளி விழுவது கேட்டது.

“அம்மா அன்னைக்கு ‘ராணி வேண்டாம், ராணி வேண்டாம்’னு சொல்லிட்டே இருந்தாங்க, ஆன்ட்டி” என்றார். “மருந்து மயக்கம்னு நினைச்சேன். கையைப் பிடிச்சு, அப்படி யாரும் இல்லம்மா, தூங்குங்கன்னு சொன்னேன்.”

பிறகு அவரே கேட்டார்.

“அப்போ நாற்காலிகிட்ட பேசினது?”

“அது என்கிட்ட பேசினது, தம்பி.”

அவர் அழுதார். அழட்டும் என்று போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அவரும் இத்தனை மாதமாக அதைத் தனியாகச் சுமந்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அடுத்த முறை வரும்போது அந்தப் பலகையைப் பார்க்க வருகிறேன் என்றார். வாங்க தம்பி, சாப்பிட்டுத்தான் போகணும் என்றேன்.

இன்று காலை மூன்று காய்களையும் எடுத்து டப்பாவில் வைத்தேன். மனசு தடுக்கவில்லை. மேசை காலியாகத்தான் இருந்தது. வீட்டுக்காரர் தட்டை நடுவில் வைத்துச் சாப்பிட்டுவிட்டு, என்ன, முடிஞ்சிருச்சா என்று கேட்டார். முடிஞ்சது என்றேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு டிவி பக்கம் போனார்.

மத்தியானம் வீடு ரொம்ப அமைதியாக இருந்தது. பலகையை மறுபடி விரித்தேன். அடைபட்ட ராஜாவை முதலில் மூலையில் வைத்தேன். அங்கிருந்து பின்பக்கமாக நடக்கப் பார்த்தேன். நான் இதுவரை கட்டியதில்லை, அக்கா, உடைத்தவள்தான். பத்துத் தரம் தவறி, ஒரு வழியாக ஒன்று நின்றது. எனக்குத் தெரிந்த வரையில் அதில் ஓட்டையில்லை. ஆனால் கட்டியவளுக்குத் தன் ஓட்டை தெரியாது என்று நீங்கள்தான் சொல்வீர்கள். இன்னொருவர் உடைத்துப் பார்க்காமல் அதைப் புதிர் என்று எப்படிச் சொல்வது? அதற்கு ஆள் இல்லை. இனி வரப்போவதும் இல்லை. எனக்கு அது தெரியும்.

இருந்தாலும் பலகையை மெதுவாகத் திருப்பினேன். வெள்ளையை எதிர் நாற்காலிப் பக்கம் வைத்தேன். அந்த விளிம்பில், உங்கள் கைக்குக் கிட்ட, இரண்டு ரப்பர் கொட்டைகள் இருக்கின்றன.

நகர்த்த வேண்டியது நீங்கள்.